வாய் அடைச்ச ஆயிரத்து இருநூறு சிசி

எங்க ஊர் மெக்கானிக் சங்கத்துல இந்த ஆயுத பூஜைக்குச் சிறப்பு மலர் போடுறாங்களாம். எலெக்ட்ரிக் கார் பத்தி எழுத ஆளு நிறைய இருக்காம். "முத்தண்ணே, நீங்க அந்தக் கால எஞ்சின் பத்தி எழுதிக் குடுங்க. சிசின்னா என்னன்னு இப்ப வர்ற ஆளுகளுக்குச் சரியாச் சொல்லத் தெரியலை"ன்னு செயலாளரு வீட்டுக்கே வந்து கேட்டாரு. அந்தக் காலம்னு அவரு சொன்னதுல எனக்குக் கோவம். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுல போய் நின்னு பாருங்க, போற வண்டி வர்ற வண்டியெல்லாம் இன்னமும் பெட்ரோலையும் டீசலையும் குடிச்சுக்கிட்டுத்தான் திரியுது. எஞ்சினுக்கு அதுக்குள்ள எதுக்குக் காரியம் பண்றீங்கன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே காப்பியைக் குடிச்சுட்டு, கட்டுரை எப்ப வருதுன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. எனக்கு எழுத வராது, பேசத்தான் வரும். பேசுற மாதிரியே எழுதுறேன்.

என் பேரு முத்துக்கருப்பன். அறந்தாங்கியில ஒரு ஒர்க் ஷாப்புல சேந்து, அதே ஒர்க் ஷாப்புல மீசை நரைச்சு, அங்கயே மாலை வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தவன். முதல் ரெண்டு மூணு வருசம் ஸ்பேனர் கழுவினேன், நட்டு பொறுக்கினேன், திட்டு வாங்கினேன். எல்லா மெக்கானிக் கதையும் அதுதான், அதை எழுதி ஒங்க பொழுதைக் கெடுக்க மாட்டேன்.

எழுத வேண்டியது எங்க ஃபோர்மேன் காதர் பாயைப் பத்தித்தான். கோட்டைப்பட்டினத்துக்காரரு. அங்க விசைப்படகு எஞ்சின் பாத்துக்கிட்டு இருந்தவரு, உப்புக் காத்து ஒத்துக்கலைன்னு இங்கிட்டு வந்துட்டாரு. ஒரு வண்டி உள்ள வந்தா நாங்கெல்லாம் பானெட்டைத் தூக்க ஓடுவோம். அவரு தூக்க விட மாட்டாரு. வந்தவரை உக்கார வச்சு, டீ சொல்லி, "என்ன பண்ணுது?"ன்னு கேப்பாரு. கிளட்ச் போச்சு, பம்ப் போச்சுன்னு வந்தவரு ஆரம்பிச்சா கையைக் காட்டி நிறுத்திருவாரு. "எது போச்சுன்னு சொல்றது எங்க வேலைங்க. என்ன பண்ணுதுன்னு மட்டும் நீங்க சொல்லுங்க"ம்பாரு.

அதோட விட மாட்டாரு. வண்டியில கூட வந்தவங்க யாருன்னு பாத்து, அவங்ககிட்டயும் தனியா அதையே கேப்பாரு. "ஓட்டுறவன் பாதியை மறைப்பான். பக்கத்துல உக்காந்து வர்றவங்களுக்கு மறைக்க ஒண்ணும் இல்ல"ங்கிறது அவரு கணக்கு. அதே மாதிரி ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் கழட்டணும். ஒண்ணைக் கழட்டு, ஓட்டிப் பாரு. ரெண்டைக் கழட்டினா எது குத்தவாளின்னு எப்படித் தெரியும்? சத்தம் போட்டுத் திட்டி நான் கேட்டதே இல்ல. நாம எதையாச்சும் கோளாறாச் செஞ்சா, "அழகா இருக்கு"ன்னு மெதுவாச் சொல்லுவாரு. அந்த ரெண்டு வார்த்தைக்கு ஒர்க் ஷாப்பே நடுங்கும்.

சிசின்னா என்னன்னு அவரு எனக்குச் சொன்ன விதத்தையே நானும் சொல்லிடுறேன். வேலை இல்லாத ஒரு மத்தியானம். மோட்டார் சைக்கிள் சிலிண்டர் ஒண்ணு கழட்டிக் கெடந்துச்சு. பிஸ்டனைக் கீழ எறக்கி வச்சுட்டு, டீ கிளாஸ்ல தண்ணி எடுத்து அதுல ஊத்தினாரு. ஒரு கிளாஸ்ல நெறஞ்சு போச்சு. "இது நூறு சிசி"ன்னாரு. அங்கிட்டு ஒரு லாரி எஞ்சின் பிரிச்சுக் கெடந்துச்சு. அதோட ஒத்தைச் சிலிண்டருக்கு ஒரு சொம்புத் தண்ணி பத்தலை. அவ்வளவுதாங்க சிசி. பிஸ்டன் மேல இருந்து கீழ வந்தா எவ்வளவு எடம் உண்டாகுதோ, அந்த எடம். ஆயிரத்து இருநூறு சிசி கார்னா நாலு சிலிண்டர், ஒவ்வொண்ணும் மூணு டீ கிளாஸ்.

அந்த எடத்துல என்ன நெறையும்னு கேட்டாரு. பெட்ரோல்னு சொன்னேன். அழகா இருக்குன்னாரு. "காத்துடா. காத்துதான் சோறு. பெட்ரோல் ஊறுகா. ஊறுகாயை மட்டும் தின்னு எவனாச்சும் மூட்டை தூக்குவானா?" எஞ்சின் செய்யிற வேலை நாலுதான். உறிஞ்சும், அமுக்கும், வெடிக்கும், துப்பும். பெரிய எஞ்சின் ஒரு மூச்சுக்கு நிறையக் காத்தை உறிஞ்சும், அதனால அதுக்கு ஏத்தாப்புல நிறைய ஊறுகா போடலாம், வெடி பெருசா இருக்கும், பலமும் பெருசா இருக்கும். சின்ன எஞ்சினுக்குக் கொஞ்சம்தான் எறங்கும். சிசிக்கும் பலத்துக்கும் உள்ள சம்பந்தம் இதுக்கு மேல ஒண்ணும் இல்லைன்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

அதையும் உடைச்சுக் காட்டினது திருமயம் பக்கத்துச் செட்டியாரு ஒருத்தரு. அவங்க அய்யா காலத்துச் சீமைக் கார் ஒண்ணு வீட்டுல நின்னுச்சு. பானெட்டே கட்டில் நீளம் இருக்கும். எஞ்சின் மூவாயிரத்து ஐநூறு சிசி. அதைச் சரி பண்ணி ஓட விடுறதுக்கு நானும் பாயும் போயிருந்தோம். அன்னைக்குன்னு பாத்து செட்டியாரோட மகன் சென்னையில இருந்து புதுக் கார்ல வந்து எறங்கினாரு. அதோட எஞ்சின் இதுல மூணுல ஒரு பங்குதான். பேச்சு முத்திப் போய், வீட்டு வாசல்ல இருந்து மெயின் ரோடு வரைக்கும் யாரு முன்னாடி போறதுன்னு பந்தயம் ஆகிப்போச்சு.

சின்னது ஜெயிச்சிருச்சு, அதுவும் சும்மா இல்ல, நல்லா முந்தி. செட்டியாருக்கு மொகம் சுண்டிப் போச்சு. "என்னங்க பாய், மூணு மடங்கு வயிறு இருக்கே இதுக்கு"ன்னு கேட்டாரு. பாய் சொன்னாரு, "வயிறு பெருசுதாங்க. ஆனா இது ஒரு வாய் மென்னு முழுங்குறதுக்குள்ள அது மூணு வாய் திங்குது. அமுக்குறதும் அதுதான் இறுக்கி அமுக்குது. ஒரு மூச்சு எம்புட்டு, நிமிசத்துக்கு எத்தனை மூச்சு, எம்புட்டு இறுக்குது, மூணையும் பாக்கணுங்க." செட்டியாரு சமாதானம் ஆகலை. அதுக்குள்ள அய்யனாரு கண்ணைத் தொறந்தாரு. மகன் ஜெயிச்ச குஷியில வண்டியைத் திருப்புறேன்னு கண்மாய்க் கரைச் சேத்துல சக்கரத்தை எறக்கிட்டாரு. அந்தச் சின்ன எஞ்சின் கத்துது, சேறு பறக்குது, வண்டி நகரலை. பழைய காரைக் கொண்டாந்து கயித்தைக் கட்டினோம். சத்தமே போடாம, ஆற அமர, மெதுவா நடந்து போற வேகத்துல அது மகனையும் காரையும் மேல இழுத்துக்கிட்டு வந்துச்சு. அவசரப்படாம மெதுவாச் சுத்துறப்பவே நல்லா இழுக்கிறது பெரிய வயித்தோட குணம். செட்டியாரு அன்னைக்கு எங்களை விடவே இல்ல. எலையில கவுனி அரிசி இனிப்பு ரெண்டு தடவை விழுந்துச்சு.

இனி தலைப்புல சொன்ன அந்தப் பொல்லாத கேசுக்கு வாரேன்.

செல்வராசுன்னு ஒரு தம்பி, அறந்தாங்கிக்குத் தெக்கே ஒரு கிராமம். துபாயில டிரைவரா இருந்துட்டு ஊரோட இருந்துரலாம்னு வந்தவரு. சம்சாரம் பேரு தேன்மொழி, கைப்புள்ள ஒண்ணு. முதல்ல எண்ணூறு சிசியில சின்ன வண்டி ஒண்ணு வச்சு வாடகைக்கு ஓட்டினாரு. மலைப்பக்கம் சவாரி கேக்குறாங்கன்னு அதைக் குடுத்துட்டு, ஆயிரத்து இருநூறு சிசி பெட்ரோல் காரைப் பழசா வாங்கினாரு. நல்ல வண்டி, வாங்குறதுக்கு முன்னாடி நானே ஓட்டிப் பாத்துச் சொன்ன வண்டி.

வாங்கின ரெண்டாவது மாசம் கொடைக்கானல் சவாரி. பாதி மலையில வண்டி ஏற மாட்டேன்னு நின்னுருச்சு. ஆளுகளை எறக்கி விட்டு, வெறும் வண்டியை மேல கொண்டு போய், நடந்து வந்தவங்களை மறுபடி ஏத்தியிருக்காரு. ஏறினவங்க சும்மா இருப்பாங்களா? "செல்வராசு வண்டியா, செருப்பு நல்லதாப் போட்டுக்கிட்டுப் போங்கப்பா"ன்னு ஊரெல்லாம் பேச்சு. சவாரி நின்னு போச்சு.

வண்டியைக் கொண்டாந்து விட்டவரு, "சிசி பத்தலைண்ணே. ஆயிரத்து ஐநூறு எஞ்சின் ஏதாச்சும் கெடைச்சா மாத்திக் குடுங்க. முடியலைன்னா ஒரு வாரத்துல வித்துட்டுக் கெளம்புறேன். விசா வந்திருச்சு, ஏஜெண்டு பாஸ்போர்ட்டைக் கேட்டுக்கிட்டே இருக்கான். பத்து வருசத்துக்குப் புதுப்பிச்சும் வச்சுட்டேன்"னாரு. பாய் வழக்கம்போல டீ சொன்னாரு. என்ன பண்ணுதுன்னு கேட்டாரு. மேட்டுல இழுவை இல்ல, வேற ஒண்ணும் இல்லைன்னாரு செல்வராசு.

கூட வந்திருந்த சம்சாரத்துகிட்ட பாய் திரும்பினாரு. "நீ சொல்லும்மா." தேன்மொழி புள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு யோசிச்சுச் சொன்னுச்சு, "தட்டையில நல்லாத்தான் போகுது பாய். மேடு வந்து இவரு நல்லா மிதிச்சாருன்னா முன்னாடி புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும். பெறகு மூக்கைப் பொத்தின மாதிரி ஆயிரும். காலை எடுத்தாச் சரியாப் போயிரும்." பாய் தலையை ஆட்டிக்கிட்டாரு.

அவங்க அங்கிட்டுப் போன பெறகு தேன்மொழி திரும்பி வந்துச்சு. என்கிட்ட மட்டும், "அண்ணே, இந்த வண்டி எப்படியாச்சும் மலை ஏறணும்ண்ணே. ஏறலைன்னா இவரு போயிருவாரு. போன தடவை போனப்ப இந்தப் புள்ள வயித்துல. வந்தப்ப இவரைப் பாத்து அழுதுச்சு"ன்னு சொன்னுச்சு. சரிம்மா, ஏறும்னு சொல்லிட்டேன். மெக்கானிக் அப்படி வாக்குக் குடுக்கக்கூடாது, ஆனாலும் குடுத்துட்டேன்.

வேலையை ஆரம்பிச்சேன். ஸ்பார்க் பிளக் பாத்தேன், பெட்ரோல் வர்ற வேகம் பாத்தேன், அமுக்கம் நாலு சிலிண்டர்லயும் அளந்தேன், கிளட்ச் வழுக்குதான்னு பாத்தேன். எல்லாம் சரி. ஷெட்டுல நிறுத்தி ஆக்சிலேட்டரைக் குடுத்தா எஞ்சின் பாடுது. பாரம் ஏத்தி மேட்டுல ஓட்டினாத்தான் கோளாறு தெரியும்னு, எதுத்த டீக்கடையில வெட்டியா உக்காந்திருந்த நாலு பேரை ஏத்திக்கிட்டு ரயில்வே மேம்பாலத்துக்குப் போனேன். பாலத்து மேட்டுல மிதிச்சேன். புஸ்ஸுன்னுச்சு, பெறகு மூக்கைப் பொத்தின மாதிரி ஆச்சு. அந்தப் பொண்ணு சொன்ன அதே வரிசை. அந்த நாலு பேருக்கும் ஓசியில கார் சவாரி பிடிச்சுப் போச்சு, "இன்னொருக்காப் பாத்துருவோம் முத்தண்ணே"ன்னு எறங்கவே மாட்டேன்னுட்டாங்க.

ஷெட்டுக்கு வந்து, எஞ்சினை எறக்கிப் பிரிச்சுத்தான் பாக்கணும்னு பாய்கிட்டச் சொன்னேன்.

"அழகா இருக்கு. நல்ல வயித்தைக் கிழிக்கணுங்கிறியே, வாயைப் பாத்தியா?"

"ஏர் ஃபில்டர் கழட்டிப் பாத்தேன் பாய். வெள்ளை வெளேர்னு இருக்கு."

பாய் எந்திரிச்சு வந்து ஃபில்டரைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "ஏம்ப்பா, நம்ம ஊர்ப் புழுதியில ரெண்டு மாசம் டாக்சி ஓடின ஃபில்டர் வெள்ளையா இருக்குமா?"

எனக்கு அப்பத்தான் உறைச்சுச்சு. ஃபில்டருக்கு முன்னாடியே புழுதியை ஏதோ பிடிக்குது. ஹெட்லைட்டுக்குப் பின்னால இருந்து ஃபில்டர் பெட்டிக்குக் காத்து வர்ற கறுப்புக் குழாய் ஒண்ணு இருக்கும். பாய் சொன்ன மாதிரி, வேற எதையும் தொடாம அதை மட்டும் பெட்டியில இருந்து உருவி விட்டுட்டு, அதே நாலு பேரை ஏத்திக்கிட்டு அதே பாலத்துக்குப் போனேன். மிதிச்சேன். பாலம் வந்ததே தெரியலை. பின்னாடி இருந்த ஒருத்தரு கையில வச்சிருந்த டீயைச் சட்டையில கொட்டிக்கிட்டாரு.

திரும்பி வந்து குழாயைக் கழட்டி வெளிச்சத்துல பாத்தா, வளைவுக்குக் கீழ மஞ்சளா என்னமோ தெரிஞ்சுச்சு. இழுக்கக் கையை விட்டேன். பாய் என் மணிக்கட்டைப் பிடிச்சுட்டாரு. "தொடாத. மஞ்சத் துணியில காசு முடிஞ்சிருக்கு. இது வேண்டுதல். முடிஞ்சவங்க கைதான் எடுக்கணும்"னாரு. எங்க சாமிக்கு முடியிற காசை நான் எடுக்கப் போறேன், கோட்டைப்பட்டினத்து பாய் தடுக்குறாரு. செல்வராசுக்கு ஆள் அனுப்பி, சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு வரச் சொன்னோம்.

குழாயைக் காட்டினதும் செல்வராசு ஒண்ணும் புரியாம முழிச்சாரு. தேன்மொழிக்கு மொகம் வெளிறிப் போச்சு.

"என்னோடதுதாண்ணே"ன்னுச்சு.

வண்டி வாங்கின அன்னைக்கு அய்யனாரு கோயில்ல பூஜை போட்டிருக்காங்க. தண்ணி தெளிக்க பூசாரி பானெட்டைத் தொறக்கச் சொல்லியிருக்காரு. தேன்மொழி ஏற்கெனவே காசு முடிஞ்சு இடுப்புல வச்சிருந்திருக்கு. டேஷ்போர்டுல வச்சா புருசன் பாத்துக் கேலி பண்ணுவாரு, டிக்கியில வச்சா சவாரிக்காரவுக பையோட போயிரும். முன்னாடி குகை மாதிரி ஒரு கறுப்பு வாய் தெரிஞ்சுச்சாம். பத்தரமான எடம், யாரு கண்ணும் படாதுன்னு அதுல செருகிருச்சு. மெதுவாப் போறப்ப முடிச்சு சும்மாக் கெடக்கும். நல்லா மிதிச்சா எஞ்சின் பலமா உறிஞ்சும், முடிச்சு வளைவுக்கு ஏறி அடைச்சுக்கும். காலை எடுத்தா மறுபடி விழுந்துரும். ஆயிரத்து இருநூறு சிசி வயிறு இருந்தும் மேட்டுல அதுக்குக் கஞ்சிகூடக் கெடைக்கலை.

"என்ன வேண்டுதல்?"னு செல்வராசு கேட்டாரு.

தேன்மொழி தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னுச்சு. "நீங்க திரும்ப வெளிநாடு போகக்கூடாதுன்னுதான்."

ஷெட்டுல எல்லாரும் வேலையை நிறுத்திட்டாங்க. செல்வராசு தேன்மொழி பக்கம் திரும்பினாரு. "போக வேணாம்னு ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேட்டீங்களா, போகவான்னு? போன தடவையும் எல்லாம் முடிஞ்ச பெறகுதான் சொன்னீங்க. இந்தத் தடவையும் விசா வந்த பெறகுதான் சொன்னீங்க."

தேன்மொழிக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. போகக்கூடாதுன்னு தான் வச்சதே அவரைப் போக வைக்கப் பாத்துச்சேன்னு நெனச்சு அழுதுச்சு. பாய்தான் பேசினாரு. "காசு நல்ல காசும்மா. வேண்டுதலும் நல்ல வேண்டுதல். வச்ச எடம்தான் கோளாறு. ஒங்க அய்யனாரு குதிரை ஏறிப் போறவரு. அவரு குதிரை வாயிலயே துணியை வச்சு அடைச்சா, பாவம், அவரு எப்படிம்மா ஒன் வீட்டுக்கு வருவாரு?"

அழுதுக்கிட்டு இருந்த பொண்ணு சிரிச்சிருச்சு. செல்வராசும் சிரிச்சுட்டாரு. தேன்மொழி வளையலை மேல ஏத்திவிட்டுக்கிட்டு, ரெண்டு விரலை விட்டு முடிச்சை வெளிய எடுத்துச்சு. ரெண்டு மாசத்துப் புழுதியும் அதுலதான் இருந்துச்சு. அதை டேஷ்போர்டுக்குள்ள, செல்வராசு கண்ணு முன்னாலயே வச்சுச்சு. "இது எப்பம்மா நிறைவேறுனதாக் கணக்கு? எப்பக் கோயிலுக்குக் கொண்டு போய்ச் சேப்பே?"ன்னு பாய் கேட்டாரு. "இவரு பாஸ்போர்ட் தீந்து போகட்டும் பாய், அன்னைக்குச் சேக்குறேன்"னு புருசனைப் பாத்துக்கிட்டே சொன்னுச்சு.

வண்டியைக் குடுக்குறப்ப பாய் ஒரு கட்டளை போட்டாரு. விக்கிறதோ போறதோ பெறகு பாத்துக்கலாம், முதல்ல சம்சாரத்தையும் புள்ளையையும் வச்சுக்கிட்டு ஒருக்கா அதே மலை ஏறிட்டு வாங்கன்னாரு. ரெண்டு நாள் கழிச்சு எனக்கு போன் வந்துச்சு. செல்வராசு இல்ல, தேன்மொழிதான். "அண்ணே, மேல நிக்கிறோம். குளிருது"ன்னு சொல்லிட்டு வச்சிருச்சு. எனக்கு அன்னைக்குப் பூராவும் வேலை ஓடலை, அம்புட்டு சந்தோசம். பாய்கிட்டச் சொன்னேன். அழகா இருக்குன்னாரு. வாழ்நாள்லயே அன்னைக்கு ஒரு தடவைதான் அதை நெசமாவே அழகா இருக்குன்னு சொன்னாரு.

செல்வராசு வண்டியை விக்கலை. வெளிநாடும் போகலை. சவாரி கூடிச்சு, பெறகு இன்னொரு வண்டி வந்துச்சு. எங்க வீட்டு விசேசம் எதுன்னாலும் அவரு வண்டிதான்.

போன மாசம் வாசல்ல ஒரு கார் வந்து நின்னுச்சு. வந்த சத்தமே கேக்கலை. செல்வராசு புதுசா எலெக்ட்ரிக் கார் எடுத்திருக்காரு, காட்டுறதுக்குத் தேன்மொழியையும் கூட்டிக்கிட்டுக் கொண்டாந்திருக்காரு. எத்தனை சிசின்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே பானெட்டைத் தொறந்து காட்டினாரு. குழாய் இல்ல, ஃபில்டர் இல்ல, உறிஞ்சுறதுக்கு ஒண்ணுமே இல்ல. "இதுல நான் எங்கிட்டு வேணாலும் வைக்கலாம்ண்ணே"ன்னு தேன்மொழி என்னைக் கேலி பண்ணுச்சு. கைப்பையில இருந்து ஒரு முடிச்சை எடுத்துக் காட்டுச்சு. வெளுத்துப் போன மஞ்சத் துணி, அதே காசு.

"அய்யனாரு கோயிலுக்குத்தான் போறோம். சேத்துட்டு வந்துருவோம்ண்ணே"ன்னுச்சு.

என்ன திடீர்னுன்னு செல்வராசைக் கேட்டேன்.

"பத்து வருசம் ஆச்சு, பாஸ்போர்ட் தேதி முடிஞ்சிருச்சுண்ணே. முடியிறதுக்கு முந்தி இவகிட்டக் கேட்டேன், புதுப்பிக்கவான்னு."

"என்ன சொன்னுச்சு?"

"வேணாம்னுட்டா."